பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்: ஸ்கீபோர்டு பைண்டிங்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குளிர்நாட்டுக்குப் படிக்கப் போகும் நம் மாணவர்களில் பலர் முதல் குளிர்காலத்திலேயே பனிமலை ஏறிவிடுகிறார்கள். வெயிலிலும் மழையிலும் வளர்ந்தவர்களுக்குப் பனியைக் கண்டதும் வரும் ஆசை அது. அதில் தவறில்லை. மலேசியாவே 2018இல் முதல்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. ஜெஃப்ரி வெப் அந்த ஆண்டு பியோங்சாங்கில் பனிச்சறுக்கில் போட்டியிட்டார். 2022இல் பெய்ஜிங்கில் அருவின் சலேஹுதீன் பெண்கள் பிரிவில் களமிறங்கினார். பனி இல்லாத நாட்டுக்காரர்களுக்கும் அந்த மலைகளில் இடம் உண்டு என்பதை இவர்கள் காட்டிவிட்டார்கள்.

நான் ஈப்போவைச் சேர்ந்தவன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இயந்திரப் பொறியியல் நான்காம் ஆண்டு படிக்கிறேன். குளிர்கால வார இறுதிகளில், பனிச்சறுக்குக் கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு கடையின் பட்டறையில் பகுதி நேர வேலை. நகரிலிருந்து மவுண்ட் ஹட் பனிமலைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். சனி, ஞாயிறு காலைகளில் கடை வாசலில் வரிசை நிற்கும். அந்த வரிசையில் மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களும் இருப்பார்கள். அவர்களில் பலர் கேட்பது ஸ்கீபோர்டு. விலை குறைவு, கற்பது எளிது, பேருந்தில் தூக்கிச் செல்ல வசதி.

அடுத்த கேள்வியும் வழக்கமாக ஒன்றேதான்: "நல்லா உழைக்கிற பைண்டிங் எது?"

கேள்வி சிறியதுதான். ஆனால் பதிலில் உங்கள் பணமும் இருக்கிறது, உங்கள் காலும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஸ்கீபோர்டு என்பது என்ன?

வழக்கமான ஸ்கீ பலகை ஓர் ஆளுக்கு நெற்றி உயரம், தலை உயரம் வரை இருக்கும். ஸ்கீபோர்டு பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. அகலம் சற்று அதிகம். முன்னும் பின்னும் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருப்பதால் பின்புறமாகவும் சறுக்கலாம். கையில் ஊன்றுகோல் தேவையில்லை. சாதாரண ஸ்கீயுடன் அணியும் அதே கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸைத்தான் இதற்கும் அணிய வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் நைசல் நிறுவனம் 'பிக்ஃபுட்' என்ற குட்டைப் பலகைகளை விற்றது. 1995இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜேசன் லெவிந்தால் என்ற இளைஞர் தொடங்கிய 'லைன்' நிறுவனமும் முதலில் ஸ்கீபோர்டுகளைத்தான் தயாரித்தது. பிறகு சலோமோனின் 'ஸ்னோபிளேடு' வந்தது. 1990களின் இறுதியில் குளிர்கால எக்ஸ் கேம்ஸ் போட்டிகளிலும் ஸ்கீபோர்டு இடம்பெற்றது. அந்த அலை பின்னர் தணிந்துவிட்டது. ஆனால் அப்போது விற்ற பலகைகள் இன்றும் பழைய பொருள் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மாணவர்கள் கையில் அதிகம் கிடைப்பவை அவைதான்.

பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் கருவியே பைண்டிங். பலகை வழுக்கும், வளையும், பனியை வெட்டும். அந்த வேலைகளுக்கான விசை முழுவதும் உங்கள் காலுக்கும் பலகைக்கும் இடையே பைண்டிங் வழியாகத்தான் போய்வருகிறது.

இரண்டு வகைகள்

முதல் வகை, கழலாத பைண்டிங். ஓர் உலோகத் தட்டு அல்லது பிளாஸ்டிக் தட்டு, பூட்ஸின் முன்விளிம்பைப் பிடிக்கும் கம்பி வளையம், குதிகாலில் அழுத்திப் பூட்டும் நெம்பு. அவ்வளவுதான். நீங்களே குனிந்து கையால் திறந்தால் ஒழிய அது திறக்காது. எடை குறைவு, பாகங்கள் குறைவு, விலையும் குறைவு.

இரண்டாம் வகை, கழலும் பைண்டிங். வழக்கமான ஸ்கீயில் இருப்பது இதுதான். முன்பகுதி பக்கவாட்டில் திறக்கும். பின்பகுதி மேல்நோக்கித் திறக்கும். உள்ளே சுருள்வில் இருக்கும். காலின் மீது வரும் விசை ஓர் அளவைத் தாண்டினால் பைண்டிங் தானாகவே பூட்ஸை விட்டுவிடும். உடனே பிரேக் கம்பிகள் கீழே இறங்கிப் பனியில் ஊன்றி, பலகை மலையிலிருந்து ஓடிப்போகாமல் தடுக்கும்.

கழலாத வகையில் பிரேக் கிடையாது. அதனால் பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு கட்டாயம் தேவை. தனியாக ஓடும் ஒரு பலகை கீழே நிற்கும் குழந்தையின் மீது மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

குட்டைப் பலகை காலை முறிக்காதா?

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த முதலாண்டு மாணவர் ஒருவர் எங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். ஜூன் மாதம் அவர் ஒரு விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டினார். 99 சென்டிமீட்டர் ஸ்கீபோர்டு, கழலாத அலுமினிய பைண்டிங், விலை 120 நியூசிலாந்து டாலர். பேரங்காடியில் இரவு வேலை செய்து சேர்த்த பணம் அது.

"அண்ணே, ஒரு மீட்டர்கூட இல்ல. இதெல்லாம் எப்படி காலை உடைக்கும்? பைண்டிங் முழுக்க அலுமினியம். பத்து வருசம் ஆனாலும் அதுக்கு ஒன்னும் ஆகாது."

"பைண்டிங்குக்கு ஒன்னும் ஆகாது தம்பி. உன் காலுக்கு?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதை எஸ்பிஎம் இயற்பியல் படித்த எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கம்பியின் முனையைத் தள்ளினால் மறுமுனையில் முறுக்கு விசை உண்டாகும். முறுக்கு விசை என்பது விசை பெருக்கல் தூரம். சுமார் 170 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்கீயில் கீழ்க்கால் எலும்பிலிருந்து பலகையின் முன்முனை ஏறத்தாழ 1 மீட்டர் தள்ளி இருக்கும். 99 சென்டிமீட்டர் ஸ்கீபோர்டில் அந்தத் தூரம் ஏறத்தாழ 0.6 மீட்டர்.

முனை பனியில் சிக்கிக்கொண்டது, பக்கவாட்டில் 100 நியூட்டன் விசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ அரிசி மூட்டையின் எடைதான் அது. நீண்ட ஸ்கீயில் காலை முறுக்கும் விசை 100 நியூட்டன் மீட்டர். ஸ்கீபோர்டில் 60 நியூட்டன் மீட்டர். குறைவுதான், மறுக்கவில்லை.

இப்போது இன்னோர் எண்ணைப் பாருங்கள். 60 கிலோ எடை, 160 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒருவர் மெதுவாகச் சறுக்குபவர் என்றால், அவருடைய பைண்டிங்கின் முன்பகுதி சுமார் 37 நியூட்டன் மீட்டரில் திறக்க வேண்டும் என்று உலகத் தர அட்டவணை சொல்கிறது. அதாவது நம் கணக்கில் வந்த 60 என்பது திறந்துவிட வேண்டிய அளவைத் தாண்டியது. கழலும் பைண்டிங் அங்கே விட்டுவிடும். கழலாத பைண்டிங் அந்த 60ஐயும், அதற்கு மேல் வருவதையும் அப்படியே கீழ்க்கால் எலும்பிடம் ஒப்படைக்கும்.

இன்னொன்றும் உண்டு. பலகையின் முன்பக்கம் குட்டையாக இருப்பதால் முன்னோக்கிக் கவிழ்வது எளிது. அப்போது குதிகால் மேலெழ முயலும். பைண்டிங் விடாவிட்டால் பூட்ஸின் மேல்விளிம்பு இருக்கும் இடத்தில் எலும்பு வளையும். அந்த விளிம்பை ஒட்டி ஏற்படும் முறிவு, பனிமலை மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான ஒன்று.

காலை முறித்துக்கொண்டவரின் கண்டுபிடிப்பு

ஒரு காலத்தில் எல்லா ஸ்கீ பைண்டிங்கும் கழலாதவையாகத்தான் இருந்தன. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாழ்ந்த ஹியால்மர் ஹ்வாம் என்ற சிறந்த பனிச்சறுக்கு வீரர் 1937இல் மவுண்ட் ஹூட் மலையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் அவர் உருவாக்கியதுதான் 'சேஃப் ஸ்கீ' என்ற பைண்டிங். விழும்போது பூட்ஸின் முன்பகுதியை விடுவிக்கும் அமைப்பு அது. 1950களில் பிரான்சின் லுக், ஜெர்மனியின் மார்க்கர் போன்ற நிறுவனங்கள் இந்த எண்ணத்தை மேலும் வளர்த்தன. பைண்டிங்கும் பூட்ஸும் மேம்பட மேம்பட, ஸ்கீ ஓட்டிகளிடையே கீழ்க்கால் எலும்பு முறிவு பெருமளவு குறைந்தது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். கழலும் பைண்டிங் முதன்மையாகக் காப்பது கீழ்க்கால் எலும்பைத்தான். முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநார்கள் கிழிவதை அது முழுமையாகத் தடுக்காது. அதனால் 'கழலும் பைண்டிங் இருக்கிறது, எப்படி வேண்டுமானாலும் பாயலாம்' என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கழலாத பைண்டிங் அறவே கூடாது என்றும் நான் சொல்ல வரவில்லை. அனுபவமுள்ள ஸ்கீபோர்டர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள். எடை குறைவு, தாவி இறங்கும்போது எதிர்பாராமல் கழன்றுவிடும் என்ற பயம் இல்லை, பலகையின் அசைவு காலில் நேரடியாகத் தெரியும். எப்படி விழ வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் பருவத்தில் இருக்கும் நமக்கு அது தெரியாது. புதிதாகக் கற்பவர், 90 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பலகையைப் பயன்படுத்துபவர், வேகத்தை விரும்புபவர் ஆகியோருக்கு என் பரிந்துரை கழலும் பைண்டிங்தான்.

'டின்' எண் எப்படி வருகிறது?

கழலும் பைண்டிங்கின் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் சிறு சாளரத்தில் ஓர் எண் தெரியும். பேச்சு வழக்கில் அதை 'டின்' எண் என்பார்கள். எண் கூடக் கூடப் பைண்டிங் இறுக்கமாகப் பிடிக்கும். அந்த எண்ணைத் தீர்மானிப்பது ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிலையின் அட்டவணை. அதற்கு ஐந்து விவரங்கள் தேவை: எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம் மில்லிமீட்டரில், சறுக்கும் பாணி.

சறுக்கும் பாணியில் மூன்று நிலைகள் உண்டு. மெதுவாக, கவனமாகச் செல்பவர் முதல் நிலை. நடுத்தரம் இரண்டாம் நிலை. வேகமாக, செங்குத்தான சரிவுகளில் செல்பவர் மூன்றாம் நிலை. கடை மேசையில் நண்பர்கள் பக்கத்தில் நிற்கும்போது பலர் தங்களை ஒரு படி உயர்த்திச் சொல்கிறார்கள். எடையைக் கேட்டால் சிலர் குறைத்துச் சொல்கிறார்கள். இரண்டும் தவறான எண்ணில்தான் கொண்டுபோய் விடும். எண் கூடினால் விழும்போது கழலாது. எண் குறைந்தால் சாதாரணத் திருப்பத்திலேயே கழன்று, ஓடும் வேகத்தில் உங்களைக் கீழே தள்ளும்.

வாங்கும்போது, உங்களுக்கு வேண்டிய எண் பைண்டிங்கின் அளவுகோலில் நடுப்பகுதியில் வருகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு 5 என்றால் 3 முதல் 10 வரை உள்ள பைண்டிங் பொருத்தமானது. 'பெரிய எண், பெரிய உறுதி' என்று நினைத்து 6இல் தொடங்கும் பைண்டிங்கை வாங்கினால் அதை உங்கள் அளவுக்குத் தளர்த்தவே முடியாது.

நீடித்து உழைப்பது என்றால் என்ன?

'உடையாத பைண்டிங்' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பட்டறையில் நாங்கள் பார்ப்பது சற்று வேறு. முதல் நாள் எந்த விசையில் திறந்ததோ, நூறாவது நாளும் அதே விசையில் திறக்கிறதா? முதல் நாள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததோ, இப்போதும் அப்படியே பிடிக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அது நீடித்து உழைக்கும் பைண்டிங். துருப்பிடித்து இறுகிப்போய் எந்த விசைக்கும் திறக்காத பைண்டிங் பார்ப்பதற்கு உறுதியாகத்தான் தெரியும்.

பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அலுமினியம்: எடை குறைவு, துருப்பிடித்து உதிராது. ஆனால் உலோகச் சோர்வு என்று ஒன்று உண்டு. ஒரு கம்பியை ஒரே தடவையில் உடைக்க முடியாவிட்டாலும், முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் உடைந்துவிடும் அல்லவா? அதுதான். எஃகு, ஒரு வரம்புக்குக் கீழான சிறு விசைகளைக் கிட்டத்தட்டக் காலவரையின்றித் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு தெளிவான வரம்பு இல்லை. சிறு விசைகளும் லட்சக்கணக்கில் சேர்ந்து ஒருநாள் வெடிப்பை உண்டாக்கலாம். கூர்மையான உள்மூலைகளிலும் துளைகளின் ஓரங்களிலும்தான் வெடிப்பு தொடங்கும். மூலைகள் உருண்டையாக, தட்டு போதிய தடிப்பாக இருக்கும் வடிவமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

எஃகுக் கம்பி: கழலாத பைண்டிங்கின் உயிர், பூட்ஸைப் பிடிக்கும் கம்பி வளையத்தில் இருக்கிறது. கம்பி வளையும் இடமும், அது தட்டில் நுழையும் இடமும் பலவீனமானவை. உதிரிக் கம்பி தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். உதிரிப்பாகம் கிடைக்காத பைண்டிங் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஒரு கம்பி போனால் குப்பைதான்.

பிளாஸ்டிக்: எல்லாப் பிளாஸ்டிக்கும் மட்டமில்லை. கண்ணாடி இழை கலந்த நைலான் நல்ல உறுதி கொண்டது. விலை உயர்ந்த கழலும் பைண்டிங்குகளிலும் அது உண்டு. மலிவான பிளாஸ்டிக்தான் சிக்கல். குளிரில் அது நொறுங்கும் தன்மை பெறும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை மேலும் கெடுக்கும். மடிப்புகளில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அந்த இடம் அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது என்று பொருள்.

பூட்ஸும் பார்க்க வேண்டும்

பைண்டிங்கைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. நீண்ட காலமாக இருக்கும் வழக்கமான ஸ்கீ பூட்ஸின் அடிப்பாகம் தட்டையானது. ஐஎஸ்ஓ 5355 தரத்தில் வரும். இப்போது விற்கும் பல பூட்ஸ்கள் 'கிரிப்வாக்' வகை. ஐஎஸ்ஓ 23223 தரம். நடக்க வசதியாக அடிப்பாகம் சற்று வளைந்து, ரப்பர் வைத்திருக்கும். கிரிப்வாக் பூட்ஸைப் பழைய பைண்டிங்கில் மாட்டினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ஆனால் முன்பகுதியின் உயரமும் உராய்வும் மாறுவதால் சரியான விசையில் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பைண்டிங்கில் கிரிப்வாக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்த பூட்ஸ் இருந்தால் கார் நிறுத்துமிடத்தில் அதைப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் நடக்காதீர்கள். சரளைக்கல் அடிப்பாகத்தைத் தேய்த்துவிடும். தேய்ந்த அடிப்பாகம், பைண்டிங் திறக்கும் அளவையும் மாற்றிவிடும்.

துளைகளும் ஸ்குரூக்களும்

பல ஸ்கீபோர்டுகளில் மரையிட்ட உலோகத் துளைகள் பலகைக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். ஸ்னோபோர்டில் உள்ளதுபோல 4 சென்டிமீட்டர் இடைவெளியில் வரும் அமைப்பும் உண்டு. அவற்றுக்கு 6 மில்லிமீட்டர் மரை ஸ்குரூ. கழலாத பைண்டிங்குகளைப் பெரும்பாலும் நேரடியாக இதில் பொருத்தலாம். கழலும் பைண்டிங்கைப் பொருத்த, இடையே உயர்த்தும் தட்டு ஒன்று தேவைப்படலாம். பூட்ஸை உயர்த்திக் கொடுப்பதால், அது பனியில் உரசாமல் இருக்கவும் உதவும். எடையும் விலையும் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

துளையிட்டுப் பொருத்தும் பலகை என்றால் அதை வீட்டில் செய்ய வேண்டாம். உலோகத் தகடு உள்ள பலகைக்கு 4.1 மில்லிமீட்டர் துளை, இல்லாததற்குப் பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர், ஆழம் 9 மில்லிமீட்டர் அளவில் என்று அளவுகள் நுணுக்கமானவை. ஸ்குரூ ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலே பலகையின் அடியில் புடைப்பு விழும்.

பழைய பொருளைச் சோதித்தபோது

அந்தத் தம்பி விற்பவரிடம் கேட்டு, வாங்கும் முன் பலகையைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இருவரும் மேசையில் வைத்துப் பார்த்தோம்.

முதலில் ஈரத் துணியால் அழுக்கைத் துடைத்தோம். அழுக்கு படிந்த உலோகத்தில் வெடிப்பு தெரியாது. பிறகு கம்பி வளைவுகளில் விரல் நகத்தை மெல்ல ஓட்டினோம். வலது பலகையின் குதிகால் கம்பியில், வளைவின் உள்பக்கம் நகம் லேசாக மாட்டியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது.

அடுத்து ஸ்குரூக்கள். இடது பலகையில் ஒரு ஸ்குரூ இறுகவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே பதித்திருந்த மரைத்துளை பலகையிலிருந்து விட்டுப்போயிருந்தது. அதை நேராக்குவதற்கு ஆகும் செலவு பலகையின் விலையை நெருங்கும்.

கடைசியாக பூட்ஸை மாட்டி, பலகையை மேசையோடு அழுத்திப் பிடித்து, பூட்ஸின் மேல்பகுதியை இடமும் வலமும் அசைத்தோம். 'கடக், கடக்' என்று தட்டும் சத்தம். நெம்பின் அச்சு ஆணி தேய்ந்து துளை பெரிதாகியிருந்தது.

"வெளியில பார்த்தா புதுசு மாதிரி இருக்குதேண்ணே," என்றார்.

அவருக்கு 120 டாலர் சிறிய பணம் இல்லை. அதைவிடப் பெரிய கணக்கும் இருந்தது. ஜூலையில் இரண்டாம் பருவம் தொடங்கும். முதலாண்டு ஆய்வுக்கூட வகுப்புகள் கட்டாயம். நியூசிலாந்தில் ஏசிசி என்ற விபத்துத் திட்டம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவருக்கும் விபத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவில் அது உதவும். ஆனால் தவறிய ஆய்வுக்கூட வகுப்பை அது மீட்டுத் தராது. பேரங்காடியில் நின்று வேலை செய்ய முடியாத வாரங்களில் அறை வாடகையும் தானாகக் கட்டப்படாது. கீழ்க்கால் எலும்பு முறிந்தால் நடை பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். வீட்டில் அம்மாவுக்கு என்ன சொல்வது என்பது தனிக் கவலை.

அவர் அதை வாங்கவில்லை. அந்த வாரம் கழலும் பைண்டிங் கொண்ட 99 சென்டிமீட்டர் பலகையை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தார். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வந்தபோது சொன்னார்: "மூனு தடவை கழன்டுச்சுண்ணே. ஒரு தடவை பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆனா எடை கூடதான். காலைத் தூக்கவே முடியல." குறை சொன்னதும் நியாயம்தான். எடை என்பது அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை. மூன்று முறை கழன்றது சரியா, அல்லது எண் குறைவாக இருந்ததா என்று சோதனைக் கருவியில் பைண்டிங்கை மாட்டிப் பார்த்தோம். அளவு சரியாகவே இருந்தது. விழுந்த விதம்தான் காரணம்.

கழலும் பைண்டிங்கைப் பழையதாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனங்கள், கடைகள் இன்னும் சரிசெய்து பொறுப்பேற்கக்கூடிய மாதிரிகளின் பட்டியலை வெளியிடுகின்றன. பழைய மாதிரிகள் காலப்போக்கில் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நீக்கப்பட்ட பைண்டிங்கைப் பட்டறையில் தொட மாட்டோம். பணம் கொடுக்கும் முன் மாதிரியின் பெயரை ஒரு பனிச்சறுக்குக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஒரு தொலைபேசி அழைப்பு உங்கள் பணத்தைக் காப்பாற்றலாம்.

ஆயுளைக் கூட்டும் பழக்கங்கள்

மலையிலிருந்து இறங்கியதும் பைண்டிங்கைத் துடைத்து, அறை வெப்பத்தில் காயவையுங்கள். ஈரத்தோடு பைக்குள் பூட்டி வைத்தால் துரு பிடிக்கும். காரின் மேல் கட்டிச் செல்லும்போது பைண்டிங்கை உறையால் மூடுங்கள். சாலைச் சேறும் மணலும் சுருள்வில்லுக்குள் போனால் திறக்கும் விசை மாறிவிடும். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். உள்ளே இருக்கும் மசகு போய்விடும். கண்ட எண்ணெயை ஊற்றவும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும்.

கழலாத பைண்டிங் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் சறுக்கும் முன் ஸ்குரூக்களைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வில் அவை தளரும். கழலும் பைண்டிங் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, பருவத் தொடக்கத்தில், முறுக்கு விசைக் கருவியில் சோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் எடை கணிசமாக மாறினாலோ, பூட்ஸ் மாறினாலோ மறுபடியும் எண்ணைக் கணக்கிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது

இந்த ஆறு கேள்விகளைக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

1. இது கழலும் வகையா, கழலாத வகையா?
2. என் எண் இதன் அளவுகோலின் நடுவில் வருகிறதா?
3. என் பூட்ஸின் அடிப்பாகத்துக்கு இது பொருந்துமா?
4. இந்தப் பலகையின் துளைகளில் நேரடியாகப் பொருந்துமா, இடைத்தட்டு வேண்டுமா?
5. கம்பி, ஸ்குரூ, பிரேக் போன்ற உதிரிப்பாகங்கள் கிடைக்குமா?
6. கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?

கடைக்காரர் ஆறுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னால் நல்ல கடைக்கு வந்திருக்கிறீர்கள். முதல் பருவத்தில் சொந்தமாக வாங்க அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். எந்த நீளம் பிடிக்கிறது, எவ்வளவு எடையைக் கால் தாங்குகிறது என்று தெரிந்தபின் செலவழிக்கலாம்.

கடை மேசையில் ஒரு படிவம் தருவார்கள். எடை, உயரம், வயது, சறுக்கும் நிலை எல்லாம் கேட்டிருக்கும். பக்கத்தில் நண்பர்கள் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை. உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். நீங்கள் எழுதும் அந்த எண்களை வைத்துத்தான், விழும் நேரத்தில் உங்கள் காலை எப்போது விட வேண்டும் என்று அந்தச் சுருள்வில்லை நாங்கள் திருகி வைக்கிறோம்.